ஜாரினாவின் சட்டை

மாஸ்கோ ஆற்றின் பனிக்கட்டியில் வெட்டிய துளை ஓரம் மண்டியிட்டு, ஆறு வருஷமாக ஜார் மன்னனின் மனைவி ஜாரினாவின் உள்சட்டைகளைத் துவைத்து வந்தாள் மாவ்ரா. புருஷனைக் கொள்ளைநோய்க்குக் கொடுத்துவிட்டு அரண்மனை வேலைக்கு வந்தவள். ஜாரினாவின் முகத்தை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மூடிய வண்டி தெருவில் போனால் ஊரே தரையில் முகம் புதைத்து விழ வேண்டும். எட்டிப் பார்த்தவன் கதி அதோகதிதான்.

முகம் எதற்கு? சட்டையே எல்லாம் சொல்லும். முழங்கால் பக்கம் மெழுகுத் துளி இருந்தால் வெகுநேரம் சாமிப் படத்தின் முன் மண்டியிட்டிருக்கிறாள். கைநுனி உப்புப் பூத்திருந்தால் அழுதிருக்கிறாள். ஆற்றின் மூட்டத்துக்குள் துணியை அலசும்போது, அந்தப் பெண் வெறுங்காலோடு அறை அறையாக நடந்து வருவது மாவ்ராவின் கண்ணுக்குத் தெரியும். சில நாள் இருவரும் பேசிக்கொள்வதும் உண்டு. பைத்தியம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், அவளுக்கென்ன?

துணி வருவது முத்திரை வைத்த பெட்டியில். யாரும் சூனியம் வைத்துவிடாதபடி சீமாட்டி டோம்னா கூடவே காவல் வருவாள். தீட்டுக் கறை உண்டா என்று மாதாமாதம் கேட்டு ஜாரின் தாயாரிடம் சொல்வதும் அவள்தான். ஆறு வருஷமாகப் பிள்ளையில்லை. இன்னும் இல்லையென்றால் ஜாரினாவுக்கு முடியை வெட்டி, கருப்பு உடுத்தி, கன்னிமடம்தான்.

இரண்டு மாதம் கறையில்லை. அரண்மனையே பூரித்துப் போயிருந்தது. மூன்றாம் மாதம், பெட்டியின் அடியில் சுருட்டிச் செருகிய சட்டை ஒன்று மாவ்ராவின் கைக்கு வந்தது. பெரிய கறை. யாரோ வெந்நீரில் போட்டுத் தேய்த்து, அது பழுப்பேறி நூலோடு ஒட்டியிருந்தது.

"அடி அசடே, ரத்தத்தைப் போய் வெந்நீர்ல போடுவாங்களா?"

துவைத்தே அறியாத கை அது. ஜாரினாவே யாருக்கும் தெரியாமல் தேய்த்திருக்கிறாள் என்று மாவ்ராவுக்கு விளங்கியது.

"என்னடி முணுமுணுக்கிற?" தள்ளி நின்ற டோம்னா கத்தினாள். "சீக்கிரம் முடி, என் மூக்கே உறைஞ்சு விழுந்துரும் போலிருக்கு!"

இனி எந்தச் சாம்பல் நீருக்கும் அந்தக் கறை போகாது. மாவ்ரா சட்டையைத் துளைக்குள் அலசுவதுபோல் இறக்கி, விரல்களை விரித்தாள். சட்டையின் வெள்ளைக் கை ஒன்று பனிக்கட்டிக்கு அடியில் மெல்ல அசைந்து போய் மறைந்தது.

"ஐயோ போச்சே! ஆறு இழுத்துட்டுப் போயிருச்சும்மா!"

டோம்னா வழுக்கி வழுக்கி ஓடிவந்தாள். "பாவி! ஜாரினா சட்டையையா விட்ட? உன் தோலை உரிச்சிருவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதுல ஏதாச்சும் இருந்துச்சா?"

மாவ்ரா நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தாள்.

"வெள்ளை வெளேர்னு இருந்துச்சும்மா."

இருபது கசையடி விழுந்தது, வேலையும் போயிற்று. அந்தப் பொய் எத்தனை நாள் தாங்கியது என்று, விரட்டப்பட்டவளிடம் வந்து யார் சொல்வார்கள்? வைக்கோலில் கவிழ்ந்து படுத்துக் கிடந்தபோது மாவ்ரா நினைத்ததெல்லாம், இந்த ஒரு மாதமாவது அந்தப் பெண் தூங்கட்டும் என்றுதான்.