சின்ன வயிற்றோடு ஒரு விருந்து

இடஒதுக்கீட்டு மறியலில் பேருந்து நின்று, நைனார்பாளையத்திலிருக்கும் அக்காவின் புகுந்த வீட்டுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். விருந்துக்கு எல்லோரும் எனக்காகவே காத்திருந்தார்கள். நானோ உடல் எடை குறைய, வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். மெதுவாக மென்றால் நாலு வாய் இறங்கும், மீறினால் வாந்திதான். ஆனால் பெண்வீட்டார் இலையில் மிச்சம் வைத்தால், பேச்சு அக்காவுக்கல்லவா விழும்?

அக்காவின் மாமியார் மறுசோற்றோடு வந்தார். "இன்னா தம்பி, எங்க வூட்டு சோறு எறங்கலியா?"

அக்கா முகம் வாடியது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அட, முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? சமையல் புடிக்கலன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

புது இலை போட்டு, கொஞ்சம் ரசஞ்சோற்றைக் குழைத்து வைத்தார். பந்தியைப் பார்த்து, "தம்பி மென்னு முடிக்கிற வரைக்கும் யாரும் எலைய மூடக் கூடாது" என்றார்.

கை காயக் காய, அத்தனை பேரும் ஊர்க்கதை பேசிக் காத்திருந்தார்கள். அதன்பிறகு எந்தப் பந்தியிலும் என் வயிற்றை நான் மறைத்ததில்லை.