ஸ்டெல்லாக்கா டாக்டர் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்டில் மூன்றாவது மாடி அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மனநல ஆலோசகர். முறையாகப் படித்து, பதிவு எண் வாங்கி, இங்கே புனே வானவடியிலேயே கிளினிக் வைத்திருப்பவர்.

"உங்க தம்பி மறுபடி ட்ரெயின் ஓட்டுறாராமே, ரொம்ப சந்தோஷம்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அடுத்த மூச்சில், "ஆனா லைசென்ஸ் இல்லாத யாரோ ஒரு பெண்கிட்ட அனுப்பினீங்களாமே... நீங்களா? ஒரு பேங்க் ஆபீசர்?" என்றார்.

நியாயமான கேள்விதான். கையெழுத்தில் ஒரு சுழி மாறியிருந்தால் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுக்கிறவள் நான். அப்படிப்பட்டவள், சொந்தத் தம்பியின் மனசை எப்படி ஒரு பதிவு எண்கூட இல்லாதவரிடம் ஒப்படைத்தேன்?

அதற்குள் லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்துவிட்டது. அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

என் தம்பி முருகேசனுக்கு நாற்பத்தொரு வயது. புனே – லோனாவ்லா லோக்கல் ரயிலில் மோட்டார்மேன். எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். நான் பேங்க் மாற்றலில் இந்த ஊருக்கு வந்தேன். அவன் ரயில்வே பரீட்சை எழுதி, எனக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தான். அதிகம் பேசமாட்டான். ஆனால் ரயிலைப் பற்றிக் கேட்டுவிட்டால் நிறுத்தமாட்டான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், ஒரு காலை எட்டரை மணி. பிம்ப்ரி ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு வளைவு. அதைத் தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் ஒரு பெண். பச்சைப் புடவை, கையில் டப்பா வைத்த பை. ஏதோ ஒரு ஃபாக்டரிக்குக் குறுக்கு வழியில் போகிறவர். இவன் ஹார்ன் அடித்தான். எமர்ஜென்சி பிரேக் போட்டான். ஆனால் ரயில் என்ன ஸ்கூட்டரா, பிரேக் பிடித்த இடத்தில் நிற்க? அந்தப் பெண் திரும்பி அவனைப் பார்த்திருக்கிறார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

விசாரணையில், மோட்டார்மேன் மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதினார்கள். விதிப்படி லீவு கொடுத்தார்கள். திரும்பப் போனான். மூன்றாவது வாரம் அதே வளைவுக்கு முன்னால் அவன் கை மரத்துப் போனது. பிம்ப்ரி வரை வண்டியை எப்படிக் கொண்டு சேர்த்தான் என்று அவனுக்கே நினைவில்லை. இறங்கி, பிளாட்பாரத்தில் நடந்து, கடைசிப் பெட்டியில் இருந்த கார்டிடம் போய், "இனி என்னால முடியாது" என்று சொல்லிவிட்டான்.

அவனை 'லாபி'யில் உட்கார வைத்தார்கள். வண்டி எடுக்கிறவர்கள் வந்து கையெழுத்துப் போட்டுப் போகிற அறை அது. மற்றவர்கள் வண்டி எடுக்கப் போவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை... யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் அவன் மனைவி தேவி குக்கரைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள். விசில் சத்தம் கேட்டால் அவன் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. பருப்பைச் சட்டியில் வேக வைத்தாள். மாசக் கணக்கில்.

முறையான டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனோம். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார். ஹிந்தியில். இவன், "ஆக்ஸிடெண்ட் ஹுவா சார், அப் டீக் ஹூம்" என்று, இப்போது சரியாகிவிட்டதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான். என் தம்பிக்கு ஹிந்தியில் சண்டை போட வரும், ஜோக் அடிக்க வரும். அழ வராது.

சென்னையில் ஒரு தமிழ் ஆலோசகரை வீடியோ காலில் பிடித்தோம். கேமரா முன்னால் பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அதன்பிறகு நான் செய்ததுதான் முட்டாள்தனம். ஊருக்குள் ஒரு 'மனோவசிய நிபுணர்', மூன்றே அமர்வில் அந்த நினைவை அழித்துவிடுவதாகச் சொன்னார். சுவர் நிறைய ஃப்ரேம் போட்ட சான்றிதழ்கள். முதல் அமர்விலேயே தம்பியைக் கண்ணை மூடச் சொல்லி, அந்த வளைவுக்கு ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே அவனை நிறுத்திவிட்டு, நேரம் முடிந்தது, மீதி அடுத்த வாரம் என்றாராம். நடுங்கிக்கொண்டே வெளியே வந்தான். அப்போதுதான் சான்றிதழ்களைக் கிட்டத்தில் போய்ப் படித்தேன். எல்லாமே வாரக்கடைசி வகுப்புகள்.

ஆக, லைசென்ஸ் இல்லாதவர் கையில் என்ன ஆகும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கண்ணால் பார்த்துவிட்டேன்.

அதனால் லாபியில் கூட வேலை பார்க்கிற ஒருவர், "போபோடியில் ஸ்டெல்லாக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க, நம்ம தமிழ்தான்" என்று சொன்னபோது, நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

போபோடி சந்தில் ஒரு தையல் கடை. அதற்கு மேலே ஒற்றை அறை. இரண்டு பெஞ்ச், ஒரு மண்பானை. ஜன்னலைத் திறந்தால் எதிரே... ரயில் தண்டவாளம். இந்த இடத்துக்கா இவனைக் கூட்டிக்கொண்டு வந்தோம் என்று தேவி என்னைப் பார்த்தாள்.

ஸ்டெல்லாக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து கண்டோன்மெண்ட் வேலைக்கு வந்தவர். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் போபோடி. வலது கையில் இரண்டு விரல் இல்லை.

"பாரு தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லிட்றேன்" என்றார். "நான் டாக்டர் நஹி. மாத்திரை குடுக்கமாட்டேன், நிறுத்தவும் சொல்லமாட்டேன். இங்க பேசறது வெளிய போவாது. ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணுச்சுன்னா, உன் அக்காகிட்ட சொல்வேன். உன் கையப் புடிச்சு டாக்டர்கிட்ட இட்டுனு போவேன். நீ வேணான்னாலும் போவேன். சலேகா, சம்மதமா?"

தம்பி தலையாட்டினான். நான் விடவில்லை. "உங்களுக்கு லைசென்ஸ் ஏதாவது..."

"இல்லமா."

அதைச் சொல்ல அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்த்தவராம். அங்கே நடந்த வெடிவிபத்தில் விரல் போனது. பக்கத்தில் நின்ற தோழியும் போனாள். அப்போது தேடிவந்து உதவிய ஒரு தொண்டு நிறுவனம் பிற்பாடு, மனசு உடைந்து வருகிறவர்களிடம் பேச இவரையே இரண்டு வருஷம் பயிற்றுவித்து, இந்த அறையில் உட்கார வைத்திருக்கிறது.

"வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு டாக்டரம்மா ஃபோன்ல என் நோட்டைப் பூரா கேப்பாங்க. தப்புனா திட்டுவாங்க. அவங்க நம்பர் வேணுமா?"

வேணும் என்றேன். அன்றே கூப்பிட்டும் பேசினேன். பேங்க் புத்தி எங்கே போகும்? அந்த மனநல மருத்துவர் சொன்னதில் ஒரு வாக்கியம் மனதில் நின்றது. "ஸ்டெல்லாவுக்கு எங்கே நிறுத்தணும்னு தெரியும்."

முதல் மூன்று வியாழக்கிழமை, விபத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. தூங்கினியா, என்ன சாப்பிட்ட, எந்தச் சத்தத்துக்கு உடம்பு அதிருது... இவ்வளவுதான். நானும் தேவியும் படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம். கதவு பாதி திறந்திருக்கும். ரயில் ஹார்ன் கேட்டதும் தம்பி பெஞ்சை இறுக்கிப் பிடிப்பது தெரியும்.

"வண்டி போவும் தம்பி. நம்மால நிறுத்த முடியாது. நாம ரெண்டு பேரும் இங்கியே இருப்போம். கால் தரையில இருக்கா பாரு. இது போபோடி. இன்னிக்கி வியாழக்கிழமை. கீழ தையல் மிஷின் ஓடுது, கேக்குதா?"

"கேக்கு."

"அவ்ளோதான். அது போதும்."

ஐந்தாவது வாரம் ஸ்டெல்லாக்கா எழுந்து வெளியே வந்தார். அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். "இது என் கையில நிக்காதுமா. வாங்க" என்று அறையைப் பூட்டினார். நாலு பேரும் ஒரே ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். வழி நெடுக அவன் கையை விடவில்லை, அந்த மூன்று விரல் கை.

தம்பி டாக்டர் முன்னால் வாய் திறக்கத் தடுமாறியபோது, அவனைத் தமிழில் பேசவிட்டு, ஸ்டெல்லாக்கா அதை மராத்தியில் சொன்னார். அன்று முதன்முறையாக ஒரு மருத்துவருக்கு அவன் படும் பாடு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். கிளம்பும்போது அந்த டாக்டர், "இந்த அம்மாகிட்ட போறதை நிறுத்தாதீங்க" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, தூக்கம் திரும்பிய பிறகுதான், அந்த நாளை எடுத்தார்கள். மொத்தமாக அல்ல. துண்டு துண்டாக. வீட்டிலிருந்து கிளம்பினது. என்ன டிஃபன். எந்தப் பிளாட்பாரம். தம்பி சொல்லச் சொல்ல அவர் நோட்டில் எழுதுவார். அடுத்த வாரம் அதை வாசித்துக் காட்டுவார். இவன் திருத்துவான். வளைவு கிட்டத்தில் வந்து மூச்சு முட்டினால், நோட்டை மூடிவிட்டுத் தண்ணீர் கொடுப்பார்.

இதில் என்ன பெரிய வித்தை என்று எனக்குக்கூடத் தோன்றியது.

பிறகு ஒரு வியாழக்கிழமை தம்பி வெளியே வந்து, எங்கள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். முகம் முழுக்க ஈரம்.

"அக்கா, நான் ஹார்ன் லேட்டா அடிச்சேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேம்லா... லேட் இல்லக்கா. வளைவு முடியதுக்கு முன்னாலயே கை அதுல இருந்துச்சு. பிரேக்கும் போட்டுட்டேன்."

"விசாரணையில அதத்தானல எழுதியிருந்தாவ?"

"அவங்க எழுதுனாங்க. எனக்கு இப்பதான் ஞாபகம் வருது." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கேபின்ல நான் கத்துனேன்க்கா. 'ஏம்மா, போயிரு, போயிரு'ன்னு. தமிழ்ல கத்தியிருக்கேன். அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

தேவி அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே பரணிலிருந்து குக்கர் இறங்கியது.

மறுபடி வண்டியில் ஏற அவன் தாண்டிய வாசல்கள் ஏராளம். மருத்துவச் சான்று, பரிசோதனைகள், பக்கத்தில் ஒரு சீனியர் உட்கார்ந்து வந்த பல பயணங்கள். அவ்வளவும் வேண்டியதுதான். ஆயிரம் பேர் உயிர் அவன் கையில் அல்லவா இருக்கிறது? அந்த ஃபைலில் எத்தனையோ பேருடைய கையெழுத்து உண்டு. ஸ்டெல்லாக்காவுடையது இல்லை. அதில் அவர் பெயருக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

மூன்றாவது மாடி அம்மாளுக்கு என் பதில் இதுதான். லைசென்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அது இல்லாத ஒருவரிடம் சூடுபட்டவள் நான். ஆனால் ஒருவரை நம்புவதற்கு முன்னால் இப்போதெல்லாம் இன்னொன்றையும் கேட்கிறேன். தன்னால் முடியாதது எது என்று இவர் முதல் நாளே சொன்னாரா? மனோவசிய நிபுணர் சொல்லவில்லை. ஸ்டெல்லாக்கா, நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்ததும் அதைத்தான் சொன்னார்.

போன புதன்கிழமை தம்பிக்கு மறுபடி தனியாக முதல் ட்ரிப். அவனுக்குத் தெரியாமல் நான், தேவி, ஸ்டெல்லாக்கா மூவரும் புனே ஸ்டேஷனில் மகளிர் பெட்டியில் ஏறிவிட்டோம்.

சிவாஜி நகர், கட்கி, தாபோடி... ஸ்டெல்லாக்கா மேத்தி கீரையை எப்படி ஆய்வது என்று பக்கத்தில் இருந்த மராத்திப் பெண்ணிடம் பேசிக்கொண்டே வந்தார். காசர்வாடி தாண்டியதும் பேச்சை நிறுத்தினார். தேவி என் கையைப் பிடித்தாள். பிடித்தாள் என்றா சொன்னேன்? நசுக்கினாள்.

வளைவுக்கு வெகு முன்னாலேயே ஹார்ன் கேட்டது. நீளமாக, நடுக்கமில்லாமல். வண்டி வளைந்தது. வேகம் குறையவில்லை. ஜன்னலுக்கு வெளியே புதர், சுவர், ஒரு வேப்பமரம். பிறகு பிம்ப்ரி பிளாட்பாரம் வந்து, பெட்டிகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் அழகாக நின்றன.

தேவி சத்தமாக அழ ஆரம்பித்தாள். ஏறியவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். ஸ்டெல்லாக்கா மராத்தியில் அவர்களுக்கு விளக்கம் சொன்னார். "காஹீ நாஹீ, ஒண்ணுமில்ல. இவ புருஷன் வண்டி ஓட்டறான்."

லோனாவ்லாவில் வண்டி திரும்பும். அதற்காக மோட்டார்மேன் பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போக வேண்டும். தோளில் பையோடு தம்பி நடந்து வந்தான். எங்களைப் பார்த்ததும் நின்றான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஸ்டெல்லாக்கா கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மூணு பேரும் டிக்கெட் எடுத்திருக்கீங்களா?" என்றான்.

"ரிட்டனே எடுத்திருக்கோம்" என்றேன்.

"அப்ப சரி. நேரமாச்சு, எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டான். அந்த நடை பழைய நடை. எங்கள் மூன்று பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கொண்டாடியே ஆகவேண்டும் என்று ஸ்டேஷன் டீக்கடையில் போய் நின்றோம். டீயும் வடாபாவும் சொன்னோம். பேசினோம், சிரித்தோம், தேவி மறுபடி அழுதாள்.

வண்டி ஒரு நிமிஷம்கூடத் தாமதம் இல்லாமல் கிளம்பிப் போய்விட்டது. நாங்கள் மூவரும்தான் அதில் இல்லை.