கரிகாலன் ஏற்றிய மெழுகுதிரி

பாரிஸில், ரூ லூயி-பிளாங் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பூரணிக்கு வாய் நீளம், ஆனால் சமையல்காரன் வாய்த்த விதத்தில் அதிர்ஷ்டக்காரி என்று. இரண்டும் உண்மைதான். கரிகாலன் என் கடையில் சேர்ந்து ஏழெட்டு வருடமாகிறது. குடிக்க மாட்டான். சாக்குச் சொல்லி லீவு எடுக்க மாட்டான். அடுத்த கடைக்காரன் ஆசை காட்டிக் கூப்பிட்டாலும் போக மாட்டான். ஒரேயொரு குறை, காவுக்குள் இறங்க மாட்டான்.

காவ் என்பது கடைக்குக் கீழே இருக்கும் நிலவறை. பாரிஸில் பழைய கட்டடங்களுக்கெல்லாம் ஒன்று உண்டு. எங்கள் வெங்காய மூட்டையும் எண்ணெய்க் கலனும் அங்கேதான் கிடக்கும். நிலத்தில் இருக்கும் பலகைக் கதவைத் தூக்கினால் செங்குத்தான மரப்படி. கட்டுமஸ்தான இந்த மனிதன் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்க, முழங்கால் தேய்ந்த நான் இறங்கி வெங்காயம் எடுத்து வருவேன். இந்தக் கடைக்கு முதலாளி நானா அவனா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

ஒருநாள் பிடித்து வைத்துக் காரணம் கேட்டேன். கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற அதே குரலில், "கீழை ஆள் நிக்குது அக்கா" என்றான். கள்ளனாக்கும் என்று நான் கூட்டுகிற தும்புத்தடியோடு இறங்கிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அது அப்படித் தெரிகிற ஆள் இல்லை என்று பிறகு விளக்கினான். தொப்பி போட்ட ஒருவன், முதுகைக் காட்டிக்கொண்டு ஏணியில் இறங்குகிறான். ஒரு கால் மேல்படியில், மற்றக் கால் கீழ்ப்படியைத் தேடுகிறது. முகம் ஒருநாளும் தெரிந்ததில்லை. தெரியவும் வேண்டாம் என்றான். 

வேறு பழக்கங்களும் இருந்தன. தோசை மா புளித்துப் பொங்கி மணக்கத் தொடங்கினால், தை மாதக் குளிரிலும் குசினி யன்னலை அகலத் திறந்துவிடுவான். கல்லாவுக்கு மேலே பிள்ளையாருக்கு நான் ஏற்றி வைக்கும் விளக்கு, வாசல் காற்றுக்கு அடிக்கடி அணைந்துபோகும். கையிலே நெருப்புப் பெட்டியோடு நிற்பான், அதை மட்டும் ஏற்ற மாட்டான். என்னைக் கூப்பிடுவான். ஏதோ கிறிஸ்தவ சபையில் சேர்ந்துவிட்டான், சொல்ல வெட்கப்படுகிறான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மனிதர்களைப் பற்றி நான் கட்டும் முடிவுகளில் பாதிக்கு மேல் பிழையாகத்தான் போகும்.

இந்தச் சனவரி கடைசியில் தியரி ஒரு போத்தலோடு வந்தான். தியரி வைன் வியாபாரி, கால்வாய்ப் பக்கம் கடை. எங்கள் கொத்துரொட்டிக்காக வரும் வெள்ளைக்காரர்களுக்கு உறைப்போடு எந்த வைன் ஒத்துப்போகும் என்று அவன்தான் பார்த்துத் தருவான். வைனில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பு, வெள்ளை என்ற வித்தியாசம் மட்டும். அன்று அவன் கொண்டுவந்தது பாலைவனத்து வைனாம். ஆர்ஜென்டினாவின் வடக்கு மூலையில், அந்தீஸ் மலையில், கடலிலிருந்து இரண்டாயிரத்தைந்நூறு மீற்றர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கு. மழை என்பது பேருக்குத்தான். பகல் வெயில் தோலை உரிக்கும், பொழுது பட்டால் வாளித் தண்ணீர் உறையும். அந்த வெயிலைத் தாங்குவதற்குத் திராட்சை தன் தோலைத் தடிப்பாக்கிக் கொள்ளுமாம். அதனால்தான் சாறு மைக்கறுப்பு. ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன், நாக்கு வறண்டது. நல்லாயிருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

போத்தலோடு சேர்த்து விற்பதற்குத் தியரியிடம் எப்போதும் ஒரு கதை இருக்கும். இதன் கதை இப்படி. வைனைச் செய்பவள் மார்ட்டா என்ற இளம்பெண். அவள் சிறுமியாக இருந்தபோது தகப்பன் வைன் தொட்டிக்குள் இறங்கிச் செத்துப்போனான். தொட்டிக்குள் நச்சு வாயு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவன் அவனுடைய சொந்தத் தமையன். அவன் சோம்பலில் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அந்தப் பெரியப்பன் இன்னும் உயிரோடு இருக்கிறான். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ஒரு மண் அறையில் தனியாகக் கிடக்கிறான். குடும்பத்தில் எவரும் அவனோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவதில்லை. வைன் அறைக்குள் அவன் கால் வைக்கக் கூடாது. தகப்பனைத் தின்ற அதே தொட்டியில் மகள் இன்று வைன் செய்கிறாள். இதைச் சொன்னால் ஆட்கள் கண் கலங்கி இன்னொரு போத்தலும் வாங்குவார்கள் என்று தியரி கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னான்.

குசினியில் கொத்துத் தகட்டுச் சத்தம் நின்றுவிட்டது. கரிகாலன் வாசலில் நின்றான். கையைத் துடைத்துவிட்டு வந்து போத்தலைத் திருப்பி, ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான். பிறகு பிரெஞ்சில், மிக மெதுவாக, அந்தப் பெரியப்பனின் பெயர் அன்செல்மோவா என்று கேட்டான். ஓம், உனக்கு எப்படித் தெரியும் என்றான் தியரி.  கரிகாலன் போய் அரிசி மூட்டையில் குந்திவிட்டான்.  நான் தியரியை ஒருமாதிரிச் சமாளித்து அனுப்பிவிட்டு, கடைக் கதவில் மூடப்பட்டது என்ற அட்டையைத் தொங்கவிட்டேன்.

அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னான்.

கனடாவுக்கு என்று ஏஜென்சிக்காரன் கூட்டிப் போய்ப் பொலிவியாவில் விட்டுவிட்டு மறைந்த ஆட்களில் கரிகாலனும் ஒருவன். இது நடந்து இருபது வருடத்துக்குக் கிட்ட. பசியோடு எல்லை தாண்டி அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தவன், தலைக்கு மேலே பந்தலில் படர்ந்திருந்த திராட்சையைக் கண்டதும் நின்றுவிட்டான். ஊரில், உரும்பிராயில், அவனுடைய தகப்பனுக்கு முந்திரிகைத் தோட்டம் இருந்தது. திராட்சையை நாங்கள் முந்திரிகை என்றுதான் சொல்வோம், அங்கேயும் பந்தல்தான். எந்தக் கொடியை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தோட்டத்துச் சொந்தக்காரன் இலாரியோ அவன் வெட்டுவதை ஒருநாள் பார்த்துவிட்டு, கையாலேயே சொன்னான், இங்கேயே இரு என்று. படுக்க இடமும் போர்த்தத் தன்னுடைய கம்பளியும் கொடுத்தான். அந்த இலாரியோதான் தொட்டிக்குள் செத்தவன், மார்ட்டாவின் தகப்பன். கரிகாலன் அங்கே பேசப் பழகியிருந்தது தண்ணீர், பாண், குளிர் என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள்.

வைன் தொட்டிகள் நிலத்துக்குள் இறக்கிக் கட்டிய சீமெந்துத் தொட்டிகள். சாறு அடுப்பில்லாமல், தோசை மா போலப் புளித்துத் தானாகக் கொதிக்கும். கொதித்து அடங்கியதும் வைனை வடித்துவிட்டு, அடியில் கிடக்கும் சக்கையை ஆள் இறங்கி அள்ள வேண்டும். கொதிப்பில் வரும் வாயு கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடப் பாரம் என்பதால் அடியிலேயே தங்கிவிடும். இறங்கியவன் இரண்டு மூச்சுக்குள் விழுவான். அதனால் முதலில் ஒரு தகரப்பேணியில் மெழுகுதிரியை ஏற்றி, கம்பியில் கட்டி அடிவரைக்கும் இறக்குவார்கள். திரி அணைந்தால் எவரும் இறங்கக் கூடாது. அதை அப்படியே தொங்க விட்டுவிடுவார்கள். அங்கே சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அதனாலேயே கரிகாலனுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

அன்று காலை அன்செல்மோ மெழுகுதிரியை இறக்கினான். அணைந்தது. அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீருக்கு அவர்களுடைய முறை வந்தது. முறை தவறினால் தோட்டம் காயும். மதகைத் திறக்க ஓடிவிட்டான். பிறகு கூடைகளோடு அந்தப் பக்கம் வந்தவன் கரிகாலன். அதே அறையில் மாதா சிலைக்கு முன்னால் எந்நேரமும் மெழுகுதிரி எரியும். தொட்டிக்குள் தொங்கிய பேணியையும் அவன் அப்படித்தான் நினைத்தான். அறுவடையின் கடைசித் தொட்டி, அதற்கு ஏதோ நேர்ந்து ஏற்றியிருக்கிறார்கள், காற்றுக்கு அணைந்து நூந்துவிட்டது. வேலை தொடங்குகிற இடத்தில் சாமிக்கு ஏற்றிய விளக்கு நூந்து கிடக்க, பார்த்துவிட்டுச் சும்மா போக எங்கள் சனத்தில் யாருக்கு மனம் வரும்? நானாக இருந்தாலும் ஏற்றித்தான் இருப்பேன்.

மேலே இழுத்து ஏற்றி இறக்கினான். நூந்தது. திரும்பவும் ஏற்றி இறக்கினான், திரும்பவும் நூந்தது. கீழேதான் காற்று அடிக்கிறது என்று நினைத்து, கம்பியைச் சுருக்கி, தொட்டி வாயோடு உயர்த்திக் கட்டினான். நன்றாக எரிந்தது. கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்த கூடைகளை எடுக்கப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் இலாரியோ வந்து, திரி எரிவதைக் கண்டு, ஏணியில் இறங்கிவிட்டான்.

ஆட்கள் இலாரியோவை வெளியே கிடத்தியிருந்தார்கள். மெழுகுதிரி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் அன்செல்மோவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். அவன் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். பொலிஸ் வருகிறது, உன்னிடம் விசா இல்லை என்று யாரோ கரிகாலனை ஒரு லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதுவரைக்கும் அவனுக்கு ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. அந்த வசனம் மட்டும் காதுக்குள் நின்றது. பல நாள் கழித்து வேறொரு ஊரில், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் அதைச் சொல்லி அர்த்தம் கேட்டான். அடிவரைக்கும் இறக்கினேன், அணைந்தது என்று அவர் சொன்னார். திரியை எதற்கு இறக்குவார்கள் என்பதையும் அவரே விளக்கினார். தொப்பி போட்ட ஆள் அன்றிலிருந்துதான் ஏணியில் நிற்கத் தொடங்கினான்.

மார்ட்டா வைன் சந்தைக்குப் பாரிஸ் வருகிறாள், அப்போது உங்கள் கடையில்தான் சாப்பாடு என்று தியரி சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவளிடம் சொல்லப் போகிறேன் என்றான் கரிகாலன். எனக்குக் கோபம் வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு அவன் எழுதிப் போட்டு மாதக்கணக்காகக் காத்திருக்கிறான். பொலிஸ், கோடு, வழக்கு என்று போனால் என்ன ஆவது? மனைவியும் பிள்ளையும் லா கூர்னெவ்வில் இவன் உழைப்பை நம்பி இருக்கிறார்கள். ஒரு கிழமை முழுக்க அவனைத் திட்டித் தீர்த்தேன்.

"நீர் சொன்னால் செத்த மனிசன் எழும்பி வருவாரோ?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"செத்தவருக்காகச் சொல்லேல்லை அக்கா. தமையன் உயிரோடை இருக்கிறார். நான் இவ்வளவு நாளும் அவர் செத்திருப்பார் எண்டு நினைச்சு நினைச்சுத்தான் நித்திரை கொண்டனான்."

 எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அன்று மிளகாய்த்தூள் டப்பாவைத் தேவையில்லாமல் ஓங்கி வைத்தேன்.

மார்ட்டா வந்தது மாசியில் ஒரு பிற்பகல், மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு. குள்ளமான பெண், நகக்கண் எல்லாம் கறுப்பு. இடியப்பத்தைக் கையால் சாப்பிட்டாள். இன்னும் சில கிழமையில் அறுவடை, அதற்குள் ஓடிப்போக வேண்டும் என்று தியரியிடம் சொல்லிச் சிரித்தாள். கரிகாலன் ஏப்ரனைக் கழற்றிவிட்டு வந்து அவள் முன்னால் நின்றான். உட்காரவில்லை. பிறகு அந்தப் பக்கத்து ஊர்களில் அலைந்த வருடங்களில் பழகிய ஸ்பானிஷில் பேசத் தொடங்கினான். எனக்கு மொழி தெரியாது, ஆனால் இலாரியோ என்ற பெயர் வந்ததும் அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. தியரி மெல்லுவதை நிறுத்தினான். கரிகாலன் ஒரு எவர்சில்வர் செம்பை எடுத்து வைத்து, விரலால் காட்டினான். இவ்வளவு ஆழத்தில் இருந்தது, நான் இங்கே உயர்த்திக் கட்டினேன். அவள் ஏதோ கேட்டாள். அவன் திரும்பவும் அதையே காட்டினான். அவள் கை ஓங்கினால் நடுவில் பாய நான் கல்லாவிலிருந்து எழுந்து நின்றேன். 

அவள் கை ஓங்கவில்லை. வெகுநேரம் அந்தச் செம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து யாரையோ அழைத்து, ஒரு வார்த்தை பேசிவிட்டு, அதைக் கரிகாலனிடம் நீட்டினாள்.

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். வயதான ஒரு குரல் தூரத்தில் கேட்டது. கரிகாலன் முதலில் நிறையப் பேசினான். பிறகு ஒரே பதிலையே சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று தரம், நான்கு தரம், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் பொறுமையாக. கடைசியில் தொலைபேசியை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். அவள் காதில் வைத்துக் கேட்டாள். இரண்டு சொல் பேசினாள், அதற்கு மேல் முடியாமல் மேசையில் முகத்தைக் கவிழ்த்து அழுதாள். போகும்போது அவள் கரிகாலனைப் பார்க்கவில்லை. கையும் கொடுக்கவில்லை. அது அவளுடைய உரிமை என்று நினைத்துக்கொண்டேன், ஆனாலும் எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அவர்கள் போன பிறகு தேத்தண்ணி போட்டு அவன் முன்னால் வைத்தேன்.

"அந்த அன்செல்மோ ஏசினவரோ?"

"இல்லை அக்கா. நான் ஆரெண்டுகூடக் கேக்கேல்லை. மன்னிக்கச் சொன்னனான், அது அவரின்ரை காதிலை விழுந்துதோ தெரியாது. நீ காணேக்கை திரி நூந்து கிடந்ததோ எண்டதை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டார். நூந்துதான் கிடந்தது எண்டு சொல்லச் சொல்ல, அப்ப நான் ஒழுங்காத்தானே இறக்கினனான் எண்டு அழுறார். எல்லாரும் சொல்லிச் சொல்லி, தான் அடிவரைக்கும் இறக்கவேயில்லை எண்டு அவரே நம்பத் தொடங்கிட்டாராம்."

தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. அவன் தொடவில்லை.

"பெட்டை ஏன் அப்பிடி அழுதவள்?"

"அவளிட்டை அவர் ஒண்டு கேட்டது போனிலை எனக்கும் விளங்கினது. இந்த அறுவடைக்கு வைன் அறைக்குள்ளை தான் வரலாமோ எண்டு."