மீன்தலை தின்ற பியோனி

கியூபெக்கில், செயின்ட்-மிஷேலில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் நல்ல வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். வேலியோரமாக ஒரு கீற்று. மற்ற இடமெல்லாம் பக்கத்து மூன்று மாடிக் கட்டடத்தின் நிழல். அந்தக் கீற்றுக்காக நானும் என் மனுசனும் வருடக்கணக்காகச் சண்டை பிடித்தோம்.

அவருக்கு அதில் மிளகாய் வைக்க வேண்டும். எனக்குப் பியோனிப் பூச்செடி.

"அதைத் தின்னேலுமோ?" என்று கேட்டார்.

"ஏலாது."

"பிறகென்னத்துக்கு?"

"தின்னேலாது எண்டதாலதான்."

முன்பு நோத்ர-டாம்-த-கிரேஸில் வாடகைக்கு இருந்தோம். ஜூன் மாதம் பஸ்ஸுக்கு நடக்கும்போது வழியில் வீட்டுக்கு வீடு பியோனி பூத்திருக்கும். முட்டைக்கோவா அளவு பூ. இதழுக்குள் இதழ், அதற்குள் இன்னும் இதழ். பாரம் தாங்காமல் நிலத்தில் தலையை வைத்துக்கொண்டு கிடக்கும். எந்த வேலைக்கும் உதவாத பூ. எனக்கு அதுதான் பிடித்தது. என் வாழ்க்கையில் நான் தொட்டதெல்லாம் கழுவ, வெட்ட, சமைக்க, மடிக்க என்றே இருந்தது. சொந்தமாக மண் கிடைத்தால் ஒரு உபயோகமும் இல்லாத ஒன்றை வைப்பேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பியோனிக் கிழங்கைத் தந்தவள் என்னோடு வேலை செய்த கியூபெக்காரி. செயின்ட்-லோரன்டில் மருந்துப் பெட்டி அடுக்குகிற வரிசையில் எனக்கு எதிரே நிற்பாள். பியோனியைப் பிரித்து நடுகிற காலம் இலையுதிர் காலம். தன் வீட்டுச் செடியைப் பிரித்தவள் ஒரு துண்டை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். பார்க்க மரவள்ளிக் கிழங்கு மாதிரி இருந்தது. நுனியில் சிவப்பாகச் சில முளைகள். அந்த முளைக்கு மேல் இரண்டு விரல் கனத்துக்குத்தான் மண் இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம் என்று கையை வைத்துக் காட்டியும் விட்டாள்.

நான் நம்பவில்லை. மைனஸ் முப்பது குளிரில் இரண்டு விரல் மண்ணா? என் பிள்ளைகளை மூன்று சட்டை, இரண்டு காலுறை, அதற்கு மேல் ஸ்னோசூட் என்று மூட்டையாகக் கட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறவள் நான். இவளுக்கு என்ன, இந்தக் குளிரிலேயே பிறந்தவள், சொல்லுவாள். நான் முழங்கை ஆழத்துக்குக் கிடங்கு வெட்டினேன். அடியில் மீன்தலைகளைப் போட்டேன். தென்னைக்கு மீன்கழிவு புதைத்தால் எப்படிக் காய்க்கும் என்று யாழ்ப்பாணத்தவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அதற்கு மேல் கிழங்கு, மேலே மண், அதற்கும் மேலே காய்ந்த இலை. நிம்மதியாக நித்திரைக்குப் போனேன்.

அன்றிலிருந்து வீட்டில் மீன்தலைக் குழம்பு நின்றுபோனது. சனிக்கிழமை மீன் வெட்டினால் தலை செடிக்கு. கழுவிய தண்ணீரும் செடிக்கு.

"எனக்கில்லாத தலை அதுக்கோ?" என்பார் மனுசன்.

"நீங்கள் இனி வளரப் போறதில்லை. அது வளரும்."

வளர்ந்ததுதான். இலை என்றால் அப்படி ஒரு இலை, கரும்பச்சையாக, மினுங்கிக்கொண்டு. முதல் வருடம் பூ இல்லை. சரி, பிஞ்சுச் செடி என்று விட்டேன். அடுத்த வருடமும் இலைதான். இன்னும் தலை போட்டேன். அதற்கடுத்த ஜூனில் ஊரெல்லாம் பியோனி பூத்து உதிர்ந்து முடிந்தது. எங்கள் வளவில் இடுப்பு உயரத்துக்கு இலை நின்றது. மொட்டு என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை.

மனுசன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"கீரைக்கு ஆயலாம் போல கிடக்கு."

"போய் உங்கட வேலையைப் பாருங்கோ."

"இல்லையப்பா, ஒரு கதை கேளும். வாற வருசமும் பூக்காட்டி நான் இதில மிளகாய் வைப்பன். நீர் ஒண்டும் பறையக் கூடாது."

"வையுங்கோ," என்றேன்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னது சொன்னதுதான். சொல்லை மாற்றுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவர் அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்டார். மனுசன் பார்க்கத்தான் அப்பாவி.

அந்தக் கோடை முழுவதும் நான் செடியை விடவில்லை. தலை, குடல், செதில் எல்லாம் போட்டேன். கடைசித் தவணை அக்டோபர் முடிகிற நேரம். இரண்டு நாள் கழித்து விடிய எழும்பிப் பின்கதவைத் திறந்தால் வளவு முழுக்க மீன்முள்ளு. இரவில் குப்பைத் தொட்டி கிண்டித் திரிகிற ரக்கூன் வந்திருக்கிறது. கிடங்கைத் தலைகீழாகக் கிண்டி, கடைசியாகப் புதைத்த தலைகளை எடுத்துத் தின்றுவிட்டு, என் கிழங்கைப் புல்லில் எறிந்துவிட்டுப் போயிருக்கிறது. கிழங்கில் ஒரு பக்கம் முறிந்திருந்தது.

மனுசன் யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு வேலை மிச்சம். கிடங்கு வெட்டியே தந்திட்டுது."

எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆலங்கட்டியும் மழையும் கலந்து முகத்தில் அடித்தது. பஸ்ஸை விட்டால் சுப்பவைசரிடம் ஏச்சு. கிடங்கை மூடி, கிழங்கை மேலே வைத்து, கைக்கு வந்த மண்ணைத் தள்ளி, சப்பாத்தால் ஓரத்தை மட்டும் மிதித்தேன். முளைகள் மறைந்தும் மறையாமலும் தெரிந்தன. இலை போட்டு மூடவில்லை. மீன் ஒரு துண்டுகூட வைக்கவில்லை. செத்தால் சா என்று சொல்லிவிட்டுப் போனேன்.

வேலைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். எவ்வளவு ஆழத்தில் வைத்தாய் என்று கியூபெக்காரி கேட்டாள். முழங்கையைக் காட்டினேன். மீன்தலையையும் சொன்னேன். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சுப்பவைசர் திரும்பிப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"இரண்டு விரல் என்று காட்டினேனே. குளிர் பட்டால்தான் அது பூக்கும். அளவுக்கு மீறித் தீனி போட்டால் இலைதான் வரும். அதை விடு. கொஞ்சம் சும்மா விடு."

"செத்தால்?"

"நீதான் கொல்லப் பார்த்தாய். ரக்கூன் காப்பாற்றியிருக்கிறது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்சம் மண் போடவா என்று மட்டும் கேட்டேன். போட்டால் இனிமேல் உன்னோடு பேச மாட்டேன் என்றாள்.

பனி விழுந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. என்னைப் பொறுத்தவரை அது மிகப் பெரிய வேலை. கை சும்மா கிடக்காது எனக்கு. குளிர் உச்சத்தில் இருந்த நாட்களில் ஒரு பழைய போர்வையாவது போட்டால் என்ன என்று பின்கதவு வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

வசந்தம் வந்தது. மனுசன் யன்னலோரம் தயிர் டப்பாக்களில் மிளகாய்க் கன்று முளைக்க வைத்திருந்தார். மே மாதக் கடைசியில், இனிப் பனி கொட்டாது என்று உறுதியானதும், கன்று எத்தனை வைக்கலாம் என்று கயிறு பிடித்து அளக்க வேலியோரம் போனார். நான் குசினியில் சமைத்துக்கொண்டு யன்னலால் பார்த்தேன், அவர் முதுகுதான் தெரிந்தது. அவர் குனிந்தார். நிமிரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இஞ்சாரும். அதில ஒரு குண்டு மாதிரிக் கிடக்கு."

"என்ன குண்டு?"

"சின்னப் பெடியள் விளையாடுற போளை மாதிரி. பச்சையா. மொட்டோ தெரியேல்லை. வந்து பாரும்."

அவர் அதைக் கிள்ளி எறிந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. நான் ஏழு மாதமாக அந்தப் பக்கம் போகவேயில்லை என்பதும் அவருக்குத் தெரியும். இதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அவர் முகத்துக்கு நேரே நான் சொல்லப் போவதில்லை.

போய்ப் பார்த்தேன். மொட்டுத்தான். ஒன்றே ஒன்று. நாலைந்து மெலிந்த தண்டு, பழைய கொழுப்பு ஒன்றும் இல்லை. அதில் ஒன்றின் நுனியில் மொட்டு.

அதற்குப் பிறகு பைத்தியம் அவருக்குப் பிடித்தது. காலையில் வேலைக்குப் போக முன்னர் ஒருமுறை, வந்து சப்பாத்துக் கழற்ற முன்னர் ஒருமுறை போய்ப் பார்ப்பார். ஒருநாள் மஞ்சள்தூள் டப்பாவோடு வெளிக்கிட்டார்.

"எங்க கொண்டு போறியள்?"

"மொட்டு முழுக்க எறும்பப்பா. தின்னப் போகுது."

"தின்னாது. தேன் குடிக்கத்தான் வருது. எங்கட கியூபெக்காரி சொன்னவள். வையுங்கோ டப்பாவை."

"கொஞ்சமாத் தூவுறன்."

"தூவின கையை முறிப்பன்."

பிறகு மழை வரும் என்று வானொலியில் சொன்னார்கள். பாரம் தாங்காமல் முறிந்துவிடும் என்று பயந்து, மிளகாய்க்கு என்று சீவி வைத்த தடியை நட்டு, பழைய சாரத்தில் கிழித்த துணியால் தண்டைக் கட்டினார். அதை நான் தடுக்கவில்லை. நன்றாகக் கட்டியிருந்தார், இறுக்காமல்.

ஜூன் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விரிந்தது. வெளிறிய ரோசா நிறம். என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தாலும் வழியும் அளவு. பிள்ளைகள் வந்து பார்த்து, இவ்வளவுதானா என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அவர் குனிந்து மணந்து பார்த்தார். மூக்கில் எறும்பு ஏறியது.

"பூத்திட்டுது," என்றேன்.

"ஓம். பூத்திட்டுது. பூக்காது எண்டு நான் சொல்லேல்லையே."

யன்னலோரம் மிளகாய்க் கன்றுகள் தயிர் டப்பாவை விட்டு வெளியே வளைந்து நின்றன. வேலியோரக் கீற்றை அவர் ஒருமுறை நீளத்துக்குப் பார்த்தார்.

"அப்ப நான் மிளகாயை எங்க வைக்கிறது?"

"வாளியில வையுங்கோ. வெயில் நகர நகர நீங்களும் தூக்கிக்கொண்டு நகருங்கோ."

அந்தக் கோடை முழுக்க அவர் வாளிகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். மிளகாய் நன்றாகத்தான் காய்த்தது. மீன்தலை இனி அவருக்கு.