அம்மா தூக்கிப் பார்க்காத கம்பு

"ஒரு தடவ தூக்கிப் பார்த்துட்டு வாங்கலாமா? கனமா இருக்கும் போல."

கடையில் ஜன்னல் கழுவும் கம்பைப் பார்த்து அம்மா என்னிடம் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "கேட்டலாக் முழுக்கப் படிச்சிட்டேன் லா. சும்மா இருங்கம்மா," என்றேன்.

அம்மா பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் மூன்று மாடிக் கடைவீடுகளின் ஜன்னல் கண்ணாடிகளை ஏணியில் ஏறிக் கழுவுவார். அந்த ஏணியை ஒழிக்கத்தான், தரையில் நின்றபடியே கழுவும் நீளக் கம்பைத் தேடினேன். நுனியில் இருக்கும் பிரஷ் வரை குழாயில் தண்ணீர் ஏறும். மூன்று மாடிக்கானது இருந்தும், பெரியதுதான் நல்லது என்று ஆறு மாடி எட்டுவதையே எடுத்தேன்.

"என் மக படிச்சுப் பார்த்து வாங்கினது," என்று அம்மா எல்லோரிடமும் காட்டினார்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை என்னிடம் சீப்பை நீட்டினார். "கொஞ்சம் தலை வாரி விடுறியா? கை மேல போக மாட்டேங்குது."

"எப்ப இருந்தும்மா?"

"கம்பு வந்ததுல இருந்து. நீ ஆசையா வாங்கினது, எப்படிச் சொல்றது?"

தோளில் தசைநார் கிழிந்திருந்தது. இனி இந்த வேலையே கூடாது என்றார் மருத்துவர்.

அன்று கம்பை முழுதாக நீட்டி, தண்ணீரைத் திறந்து, நானே தூக்கினேன். ஐந்து நிமிடம்கூடப் பிடிக்க முடியாமல் கீழே வைத்தேன். கம்பின் எடை கேட்டலாக்கில் இருந்தது, படித்திருந்தேன். அம்மாவின் வயதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

போன வாரம் கிள்ளானில் ஒரு கடையில், மூன்று மாடிக்கான லேசான கம்பைத் தண்ணீரோடு தூக்கிப் பார்த்து வாங்கினேன். இந்தச் சனிக்கிழமை காலை அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, அவர் கழுவி வந்த கடைவீட்டு ஜன்னல்களைக் கழுவ நான் கிளம்பினேன்.