துண்டுக்குள் என் வலது கை

சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மாதக் காலை. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் ஆபீசுக்கு நின்றுகொண்டே போய்க்கொண்டிருந்தேன். காவிரிப் பாலம் தாண்டியதும் டிரைவர் போட்டாரே ஒரு பிரேக்! மேல் கம்பியை விடாமல் பிடித்திருந்த என் வலது கை, தோளிலிருந்து கழன்றுவிட்டது. ஐயோ, அந்த வலி! உருண்டையாக இருந்த தோள் பள்ளமாகக் கிடந்தது.

நம் ஊர் பஸ்ஸில் வைத்தியர்களுக்குப் பஞ்சமா? பின்சீட்டுக்காரர், "மூட்டு பிசகியிருக்குங்க. ஒரே இழுப்பு, சரியாயிடும்" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. "இழுங்க சார், சீக்கிரம்!" என்று நானே கத்தினேன்.

"தொடாதீங்கோ!"

திருமண் இட்ட ஒருவர் நடுவில் புகுந்தார். பெருமாளின் பல்லக்கைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கியாக இருந்தவராம். "எனக்கும் இப்படித்தான் இழுத்து விட்டா. அதோட பெருமாளைச் சுமக்கற பாக்கியம் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போங்கோம்மா."

"உங்க வேலையைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தன் வலது கை மேலே எழாததால், துண்டின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, என் கையை அசைக்காமல் அப்படியே கட்டினார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எலும்பு ஓரத்துல சில்லு பேர்ந்திருக்கு. கண்டபடி இழுத்திருந்தா நரம்பும் போயிருக்கலாம்" என்றார். பிறகு படத்தில், நன்றாக இருந்த என் இடது தோளைக் காட்டினார். சின்னத் தட்டில் எலுமிச்சம்பழத்தைச் சாய்த்து வைத்ததுபோல, கை எலும்பின் தலை ஆழமில்லாத குழியில் ஒட்டிக்கொண்டிருந்தது. "இவ்வளவுதானா?" என்றேன். "குழி ஆழமா இருந்தா நழுவாதும்மா. ஆனா கையைத் தலைக்கு மேல தூக்கவும் முடியாது." அடேயப்பா! நாற்பது வருஷமாக இந்த அதிசயத்தைச் சுமந்துகொண்டுதான் பஸ்ஸில் இடத்துக்குச் சண்டை போட்டிருக்கிறேன்.

மயக்கம் கொடுத்து மூட்டைப் பொருத்தினார்கள். தை மாதத் திருநாளில் உத்திர வீதியில் பெருமாள் வந்தபோது, என் இரண்டு கைகளும் தலைக்கு மேல் குவிந்தன. எதிர்ப்பக்கம், அன்று துண்டால் என் கையைக் கட்டியவர் நின்றிருந்தார். இடது கை உயர்ந்திருந்தது. வலது கை மார்பைத் தாண்டவில்லை. என் கைகளைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

இன்றும் கோயிலில் கை கூப்பினால், அதில் என் வலது கையின் கும்பிடு அவருடையது என்றே நினைத்துக்கொள்கிறேன்.