கைதட்டல் வாங்கிய கத்திரிக்காய்

பட்டிமன்றத்தில் எந்த அணியில் பேசுவது என்பதை நான் ஒருநாளும் தீர்மானித்ததில்லை. விழாக் குழுவிலிருந்து போன் வரும். தேதி, ஊர், தலைப்பு, கடைசியாக அணி. பல்வலி, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று தேதியை மறுத்திருக்கிறேன். அணியை மறுத்ததே இல்லை. மாமியாரா மருமகளா என்ற தலைப்பில் ஒரு வருடம் மாமியாருக்காகவும் மறு வருடம் மருமகளுக்காகவும் குரல் தழுதழுக்கப் பேசியிருக்கிறேன். இரண்டு முறையும் முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதைக் கேட்டு எந்த வீட்டிலும் யாரும் திருந்தியதாகவோ கெட்டதாகவோ தகவல் இல்லை.

ஆகவே கடலூரில் எங்கள் மாதா கோயில் பங்குத் திருவிழாவுக்கு, ‘நம் தட்டுக்கு நல்லது இயற்கை விவசாயமா, புதிய விஞ்ஞானமா?’ என்று தலைப்பு வைத்து என்னை இயற்கை அணியில் போட்டபோது நான் யோசிக்கவில்லை. வேட்டி கட்டினால் எனக்கு ஒரு விவசாயக் களை வரும். மிளகாய்ச் செடிக்கும் கத்திரிச் செடிக்கும் உள்ள வித்தியாசம் காய் பிடித்த பிறகுதான் எனக்குத் தெரியும் என்பது கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை. மரபணு மாற்றுப் பயிர் பற்றி இரண்டு தரப்புப் புத்தகங்களையும் படித்திருந்தேன். ஒரு தரப்பை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பேச்சின் நடுவில் அந்த வரி வந்தது. “புழுவைவிடப் பெரிய சோதனைக்கூடம் உண்டா? கடைக்குப் போனா புழு கடிச்ச கத்திரிக்காயைத் தேடி வாங்குங்க. புழுவே தொடாததை நீங்களும் தொடாதீங்க!” கைதட்டல் அடங்க நேரமாயிற்று. யாரோ விசிலும் அடித்தார்கள். என் வயதில் விசில் கிடைப்பது அபூர்வம். அன்று நன்றாகத் தூங்கினேன்.

கைதட்டியவர்களில் என் மனைவியின் தம்பியும் ஒருவன். பத்து வருடம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்தவன், வேலையை விட்டுவிட்டுத் திருவந்திபுரம் பக்கம் கெடிலம் ஆற்றை ஒட்டி அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கத்திரி போட்டிருந்தான். அவன் மனைவிக்கு அதில் துளியும் சம்மதமில்லை. இந்த ஒரு போகம் சரியாக வராவிட்டால் மறுபடியும் ஷிப்டுக்கே போய்விடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். கம்பெனி மேஸ்திரியும் இடத்தைக் கொஞ்ச நாளைக்குக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை அவனிடமிருந்து போன்.

“மாமா, மருந்தடிக்கிறத நிறுத்திட்டேன்.”

“எந்த மருந்து?”

“கத்திரிக்குதான். வாரம் ஒருவாட்டி அடிச்சிட்டிருந்தேன். நேத்து நீங்க பேசுனதக் கேட்டு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன்.”

“நல்ல விஷயம் மச்சான்” என்றேன். அது பேச்சுக்குக் கிடைத்த இன்னொரு கைதட்டல் என்று நினைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த ஒரே வேளாண் ஆலோசனை அந்த மூன்று சொற்கள்தான்.

ஐந்து வாரம் கழித்துச் சிதம்பரத்திலிருந்து அழைத்தார்கள். ஒரு கல்லூரி விழா, மதியம் மூன்று மணி, ஏறக்குறைய அதே தலைப்பு. இந்த முறை விஞ்ஞான அணி. சரி என்றேன். விஷயம் எப்படியோ மச்சான் காதுக்குப் போய்விட்டது. “நானும் வரேன் மாமா. அங்க ஒரு ஆர்கானிக் கடை இருக்குதாம். நம்ம காயக் காட்டலாம்” என்றான். எந்த அணி என்று அவன் கேட்கவில்லை. என்னைப் போன்ற ஆளுக்கு ஒரே அணிதான் இருக்க முடியும் என்று நம்பினான்.

பஸ்ஸில் அவன் மடியில் ஒரு சாக்கு. என் மடியில் ஒரு ஃபைல். ஜன்னல் பக்கம் மாறினேன், பிறகு மறுபடி மாறினேன். சட்டைப் பையிலிருந்த குறிப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, அவன் எட்டிப் பார்த்ததும் மடித்து வைத்தேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் மூன்று முறை மணி பார்த்திருப்பேன்.

“உடம்பு சரியில்லியா மாமா?”

“இல்ல. வெயில் ஜாஸ்தி.”

கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மண்பானைகளுக்கு நடுவில் கம்ப்யூட்டர். அலமாரியில் கல் உப்புப் பாக்கெட், அதன் மேல் ‘மரபணு மாற்றம் செய்யப்படாதது’ என்று பச்சை எழுத்து. உப்புக்கு ஏது மரபணு என்று கேட்க வாயெடுத்தேன். விற்க வந்த இடத்தில் எதற்கு என்று மூடிக்கொண்டேன்.

கடைக்காரப் பெண் சாக்கைப் பிரித்து நாலைந்து காயைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றை உடைத்தார். உள்ளே இளஞ்சிவப்பில் ஒருவர் நெளிந்தார்.

“சாரி அண்ணா. ஓட்ட இருக்கு, புழு இருக்கு. எடுக்க முடியாது.”

“மருந்தே அடிக்கலீங்க. அதான் புழு” என்றான் மச்சான்.

“எங்க கஸ்டமர்ஸ் மருந்தும் கூடாதும்பாங்க, புழுவும் கூடாதும்பாங்க. ஒரு ஓட்ட இருந்தா ரிட்டர்ன் பண்ணிடுவாங்க. அதோட உங்க நெலம் மூணு வருஷம் மருந்தில்லாம இருந்து சர்டிபிகேட் வாங்கணும்.” பிறகு என்னைப் பார்த்தார். “சார், நீங்க கடலூர்ல பேசுனவரு இல்ல? புழு பத்தி? அந்த வீடியோவ எங்க கடை ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்தோம். செம ரெஸ்பான்ஸ்!”

மச்சான் சாக்கின் வாயை நிதானமாகக் கட்டினான். அந்த நிதானம்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஓட்டலில் சாப்பிடும்போதுதான் சொன்னேன். இன்று நான் மறு அணி. புழு கடித்தால் புழுவே சாகிற மாதிரி மரபணு மாற்றிய கத்திரியை ஆதரித்துப் பேசப்போகிறேன்.

சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். “அப்ப அந்த வெத நல்லதா?”

“நல்லதுன்னும் சொல்றாங்க. வேணாம்னும் சொல்றாங்க.”

“எங்க கெடைக்கும்?”

“கெடைக்காது. நம்ம நாட்டுல கத்திரிக்கு அனுமதி குடுக்கல.”

“கெடைக்காத வெதைக்கு எதுக்கு மாமா பேசுறீங்க?”

“அந்தப் பக்கம் போட்டுட்டாங்க மச்சான்.”

என்னை அவன் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். “சரி, மேடைய வுடுங்க. திங்கக்கெழம மேஸ்திரிக்கு வரேன், வரலன்னு சொல்லியாவணும். மருந்து அடிக்கட்டுமா, வேணாமா? இருக்கிற செடியில தேறுமா, தேறாதா? அத மட்டும் சொல்லுங்க.”

 வெற்றிலைபாக்கு போடாதவன் அன்று பீடா வாங்கி மென்றேன்.

கல்லூரி அரங்கில் மச்சான் நாலாவது வரிசையில் சாக்கோடு உட்கார்ந்திருந்தான். என் முறை வந்ததும் எழுந்தேன். தயாரித்து வைத்திருந்த முதல் வரி நல்ல வரி. அது வாய்க்கு வரவில்லை. “போன மாசம் இதே வாயால, புழு கடிச்ச காயைத் தேடி வாங்கச் சொன்னேன்” என்றேன். சிரிப்பு. “அதை நம்பி ஒருத்தர் மருந்தை நிறுத்திட்டார். அவர் தோட்டமே புழு.” பெரிய சிரிப்பு. “இப்ப என்ன செய்யறதுன்னு கேக்கிறார். எனக்குத் தெரியலை. நிஜமாவே தெரியலை.” மாணவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். நடுவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “இதுதான் ஐயா நகைச்சுவை” என்றார். உண்மையைச் சொல்லச் சொல்லக் கூட்டம் உருண்டது. நான் நாலாவது வரிசையைப் பார்த்தபோது அவன் எழுந்து, கால் இடிபட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டபடி, சாக்கோடு வெளியே போய்க்கொண்டிருந்தான்.

அன்றும் மறுநாளும் அவன் போனை எடுக்கவில்லை. ஞாயிறு பூசையில் அவன் மனைவி மட்டும் இருந்தாள். என் மனைவி அவளிடம் பேசிவிட்டு வந்து, “அவன் கம்பெனி யூனிபார்மத் தொவச்சுப் போட்டிருக்காளாம்” என்றாள்.  

திங்கட்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு திருவந்திபுரம் போனேன். அவன் தோட்டத்தில்தான் இருந்தான். கம்பெனியின் நீலச் சட்டை, கீழே லுங்கி. இடுப்பில் ஒரு பை. ஒவ்வொரு செடியாகக் குனிந்து வாடித் தொங்கிய நுனிகளைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

“ஷிப்டுக்குப் போவலியா?”

“மத்தியானம் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்.” நிமிரவில்லை. “பக்கத்துக் கொல்லக்காரம்மா வந்து பாத்தாங்க. நுனியிலதான் புழு இருக்குதாம். கிள்ளிப் பொதச்சிட்டு, ஒருவாட்டி மட்டும் மருந்தடிச்சா புதுத் துளிர் பொழைக்கும்னாங்க. மொத்தத்தையும் கிள்ளி முடிக்க முடியுதான்னு பாக்கறேன். முடிஞ்சா இங்க. இல்லன்னா அங்க.”

பாதித் தோட்டம்தான் முடிந்திருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த வரிசையில் இறங்கினேன். முள் குத்தியது. ஒரு நுனியைக் கிள்ளினேன், இன்னொன்றைக் கிள்ளினேன். கொஞ்சம் வேகமாகவே.

அவன் திரும்பி என் கையைப் பார்த்தான்.

“மாமா, அது நல்லது. வாடுனத மட்டும்.”